கேள்விக்கு ஒரு கிராம்பு

அவருக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் மௌன அஞ்சலி இல்லை. தலைமை வகித்தவர், "நம்ம சாருக்கு மௌனம் பிடிக்காது" என்றார். உடனே முன்வரிசை தொடங்கிப் பின்வரிசைவரை எல்லோரும் எழுந்து, கண்களை மூடிக்கொண்டு, அவர் பழக்கிய ராகத்தில் கால்குலஸ் பாடினார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஹைஸ்கூல் வாத்தியார்கள், ஒரு வக்கீல், ஒரு சப்இன்ஸ்பெக்டர். "எக்ஸு என்னுக்கு என் எக்ஸு என் மைனஸ் ஒண்ணு. சைனுக்குக் காஸு, காஸுக்கு மைனஸ் சைனு." யாருக்கும் ஒரு சொல் பிசகவில்லை. சிலர் அழுதார்கள்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டு, "எழும்புங்க டீச்சர், மரிச்ச மனுசனுக்குள்ள மரியாதைல்லா" என்றாள். எனக்கு எழும்பத் தோன்றவில்லை. இன்னொருவர் மேடையேறி, இவரிடம் படித்துத் தோற்றவன் நாஞ்சில் நாட்டிலேயே இல்லை என்று சொன்னார். அப்போதுதான் எழுந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கால்குலஸ் என்பது கல்லூரிக் கணக்கில் ஒரு பகுதி. மாறிக்கொண்டே இருக்கிற ஒன்று எந்த நேரத்தில் எந்த வேகத்தில் மாறுகிறது, அப்படி மாறி மாறி மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, இந்த இரண்டையும் பார்க்கிற கணக்கு. நான் கல்லூரியில் படித்தவள் இல்லை. பள்ளிப் படிப்பும் டிரெயினிங்கும் முடித்து, கோட்டாற்றில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். என்னாலேயே இரண்டு வாக்கியத்தில் எழுத முடிகிற இந்த விஷயத்தை அவர் தன் வாழ்நாளில் ஒரு பையனுக்கும் சொன்னதில்லை. என் ஆத்திரமெல்லாம் அதுதான்.

பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய மாணவர்கள் பாதி ஊரில் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். தெரிந்தால் வீட்டு வாசலில் வந்து நின்று பாடினாலும் பாடுவார்கள்.

கோட்டாறு கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையின் மாடியில்தான் அவருடைய டியூஷன். கீழே வத்தல் மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருக்கும். நெடி மாடிக்கு ஏறும். பையன்கள் பாட்டுக்கு நடுவே தும்முவார்கள். தும்மல்கூடத் தாளத்தில்தான் விழுகிறது என்று தெருவில் கேலி பேசுவதுண்டு. அவர் குள்ளமான மனிதர். வெள்ளை ஜிப்பா, அதன் பையில் ஒரு தகர டப்பி. உட்கார நாற்காலி உண்டு, ஆனால் மேஜையோ புத்தகமோ கிடையாது. ஒரு பழைய ஸ்லேட்டை மடியில் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்டுவார். பாடப்புத்தகம் முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கு, பின்னால் அச்சிட்டிருக்கும் விடைகளில் எது பிழை என்பதுவரை சொல்லுவார். அந்த ஞாபகசக்தியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு தலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

என் மகன் பி.எஸ்ஸி. கணக்கில் சேர்ந்த சமயம் அது. வீட்டில் அவன் கண்ணன், பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் நீலகண்டன். கல்லூரிக்குப் போன முதல் வாரமே பிசைந்த சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்னடே, சோறு ஆறுகு?"

"அம்மா, ஸ்கூல்ல கணக்குன்னா விடை ஒரு இடத்துல இருக்கும், நாம போய்ப் பிடிச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். இதுல விடையே நடந்து போகுது."

"சார்ட்ட கேக்கப்படாதா?"

"அவரு போர்டுகிட்டல்லா பேசுகாரு. எங்களப் பாத்தாத்தானே கேக்கதுக்கு."

கால்குலஸ் படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் ஒன்றும் பிடிபடாது. அது பிள்ளையின் குறையல்ல. புதுக் கணக்கு சறுக்குவதைவிட, பள்ளிக்கூடத்தில் அரைகுறையாக விட்ட பின்னமும் அல்ஜீப்ராவுமே காலை வாரும். ஒரு கணக்கை விளங்காமல் பத்து முறை பார்ப்பதைவிட விளங்கும்வரை ஒன்றையே வைத்துக்கொண்டு முட்டுவது மேல். வெட்கப்படாமல் கேட்க வேண்டும். இதெல்லாம் பிற்பாடு என் மகனே அனுபவப்பட்டு எனக்குச் சொன்னவை. அன்றைக்கு இவற்றைச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. எல்லோரும் கை காட்டிய ஒரே ஆள் இவர்தான்.

என் கணவர் அருமனைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். சனிக்கிழமை வருவார், திங்கள் விடியுமுன் போவார். அவர் பேச்சு கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டது மாதிரி இருக்கும். "இஞ்ச பாரு, பரீட்சை ஒரு தடவைதான். ஜெயிச்சா மேல படிக்கட்டும், கடன்பட்டாவது படிக்க வைக்கேன். தோத்தா என்கூட எஸ்டேட்டுக்கு வரட்டும், ரப்பர் பால் அளக்க ஆளு வேணும்" என்றார். சொன்னால் சொன்னதுதான். கால்குலஸ் தனிப் பேப்பர், அதில் தோற்றால் மொத்தத்திலும் தோல்வி. ஆகவே கண்ணனை அழைத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினேன்.

"டீச்சரே, பயப்படாண்டாம்" என்றார் அவர். "கால்குலஸுங்கது முக்காவாசி தொண்டை. பயலுக்குத் தொண்டை உண்டுமா?" கண்ணன் பக்கம் திரும்பி, "ஆன்னு சொல்லு மக்கா" என்றார். அவன் வாயைத் திறந்தான். டாக்டர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"புத்தி உண்டுமான்னு கேப்பியளோன்னு நெனச்சேன்" என்றேன்.

"புத்தி இருந்தாக் கொஞ்சம் தொந்தரவு. பரவாயில்ல, பழக்கிருவோம்."

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

பாடிப் படிப்பதை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடுவரை பாட வைக்கிறவள் நான். ஆனால் பாடுவதற்கு முன்னால் என் பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கூறு கூறாக வைத்து எண்ணியிருப்பார்கள். பாட்டு மறந்துபோனால் கொட்டை இருக்கிறது. அவருடைய பாட்டுக்கு அடியில் ஒரு கொட்டையும் இல்லை.

இரண்டாம் வாரத்தில் கண்ணன் எழுந்து, "சார், பாட்டுல வாற டிஎக்ஸுன்னா என்ன?" என்று கேட்டிருக்கிறான். அவர் கோபப்படவில்லை. அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அதுதான் அவரிடம் மோசம். பாட்டை நிறுத்தி, ஜிப்பாப் பையிலிருந்து தகர டப்பியை எடுத்து, ஒரு கிராம்பைக் கண்ணனுடைய உள்ளங்கையில் வைத்தார். "தொண்டைக்கு நல்லது. வாயில போட்டுக்கிட்டு அடுத்த அடி சொல்லு." வகுப்பு சிரித்தது. கண்ணன் சொன்னான்.

எந்தக் கேள்விக்கும் அவருடைய பதில் அதுதான். பூஜ்யத்தால் வகுக்கக்கூடாதென்று சொல்லிவிட்டு இங்கே எப்படி வகுக்கிறோம்? கிராம்பு. கடைசியில் கூட்டுகிற அந்த 'சி' எங்கிருந்து வந்தது? கிராம்பு. நான் சட்டைகளைத் துவைக்கும்போது பையில் கை விட்டால் கிராம்பு கிடைக்கும். முதலில் பழக்கதோஷத்தில் கறிக்குப் போட்டேன். பிறகு என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் போட மனசு வரவில்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். அந்த வருஷம் மழைக்காலத்தில் பாட்டில் மளமளவென்று ஏறியது. தை பிறந்த பிறகு ஏறவே இல்லை. சட்டைப் பைகள் காலியாக இருந்தன. அவன் கேட்பதை நிறுத்தியிருந்தான். "நம்ம பய இப்ப நல்லாத் தேறிட்டான் டீச்சரே" என்று வழியில் பார்த்து அவர் சொன்னதும் அந்த மாதம்தான்.

என் கணவர் அவரிடம் மயங்கியது தோவாளையில் ஒரு கல்யாண வீட்டில். பெண்ணின் தம்பி அவருடைய மாணவன். பந்திக்கு நேரமிருந்தது. மாலை கட்டிய மிச்சப் பூ பந்தலின் ஓரத்தில் குவிந்து கிடக்க, யாரோ ஒரு பெரியவர், "சாரே, உங்க பயலுவள ஒண்ணு பாட விடுமேன்" என்றார். அவர் ஸ்லேட் இல்லாமல் ஒரு சந்தனக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினார். பையன்கள் வரிசையாக நின்று இன்டக்ரல், அதாவது மொத்தம் கூட்டுகிற கணக்கின் சூத்திரம், பாடினார்கள். தவில்காரர் கொஞ்சம் கேட்டுவிட்டுத் தானும் மெதுவாகச் சேர்ந்துகொண்டார். சபை சொக்கிப்போயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா தன் தோள் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

"நம்ம பய எப்பிடிச் சொல்லுகான் பாத்தியா?" என்று என் கணவர் என்னிடம் குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒரு இடத்துல திக்கல்ல."

"அர்த்தம் கேட்டாத் திக்குவான்" என்றேன்.

"கலியாண வீட்டுல அர்த்தமா கேப்பாவ? சும்மா இரு."

பரீட்சை வந்தது. கால்குலஸ் பேப்பர் அன்று காலையில் கல்லூரி வாசலில் அவர் குடையோடு நின்று, ஒவ்வொரு பையன் கையிலும் ஒரு கிராம்பு கொடுத்து உள்ளே அனுப்பினார். தகப்பன்மார்கூட அப்படி வந்து நிற்பதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோற்று மணி அடித்துவிட்டு வாசலுக்கு வந்தபோது தெருவில் கூச்சல் கேட்டது. பரீட்சை எழுதிக்கொண்டிருக்க வேண்டிய பையன்கள் ஊர்வலமாக மணிக்கூண்டு இருக்கும் மணிமேடைப் பக்கம் போகிறார்கள். முன்னால் குடையை உயர்த்திக்கொண்டு அவர். "மாத்தாதே, மாத்தாதே, எக்ஸை மாத்தாதே" என்று ஒரு பக்கம் சொல்ல, "திருப்பிக் கொடு, திருப்பிக் கொடு, எங்கள் எக்ஸைத் திருப்பிக் கொடு" என்று மறுபக்கம் சொன்னது. கோஷமும் அதே ராகத்தில்தான். நடுவில் தலையைக் குனிந்தபடி என் மகன் நடந்தான்.

அது எதற்கும் ஊர்வலம் போகிற காலம். திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு உண்மையான குறைகள் இருந்தன. ஆபீசுக்குப் போனால் மலையாள பாஷை தெரியாமல் முழித்து நின்றவர்கள் நாங்கள். நியாயமான கோபம் வீட்டுக்கு வீடு இருந்தது. அதை எடுத்து அவர் ஒரு எழுத்துக்குச் செலவழித்தார். "திருவனந்தபுரத்துல இருந்து பேப்பர் போடுகவனுவ தமிழ்ப் பயலுவளத் தோக்கடிக்கதுக்குன்னே எழுத்த மாத்திட்டானுவ" என்று மணிமேடையடியில் நின்று பேசினாராம். கேட்டவர்கள் கை தட்டினார்கள்.

கண்ணனை வீட்டுக்கு இழுத்துவந்து வினாத்தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். முதல் கேள்வி, ஒரு பொருள் நேர்க்கோட்டில் போகிறது, டி நேரத்தில் அது போன தூரம் எஸ், அதன் வேகம் என்ன என்பது போலிருந்தது. அடுத்ததிலும் டி. அதற்கடுத்ததில் யு.

"இதுல என்னடே தப்பு?"

"எக்ஸ் இல்லம்மா."

"இல்லன்னா?"

"பாட்டுல எக்ஸ் தான் உண்டு. இது போர்ஷனுக்கு வெளியன்னு ஒருத்தன் எழும்புனான். பொறவு எல்லாவனும் எழும்புனான்."

"நீ?"

அவன் பென்சிலை எடுத்து, வினாத்தாளின் ஓரத்திலேயே டி இருந்த இடத்தில் எக்ஸ் போட்டு, கணக்கை நாலு வரியில் முடித்து, விடையில் மறுபடி எக்ஸை அழித்து டி போட்டான். என்னிடம் நீட்டினான்.

"அங்கண வச்சே தெரிஞ்சுதும்மா. ரெண்டாவது கணக்குல பேனாவை வச்சிட்டேன்."

"பொறவு என்னத்துக்குடே எழும்புன?"

"எல்லாரும் எழும்பும்போ நான் மட்டும் இருந்தா... சாருக்கு விரோதமா ஆயிருமேன்னு."

அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. கேட்கிற பிள்ளையாகப் போனவனை, எழும்பச் சொன்னால் எழும்புகிற பிள்ளையாக ஆக்கி அனுப்பியிருக்கிறார்கள். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலையில் அந்த மரப்படியை ஏறினேன். வகுப்பு இல்லை. அவர் தனியாக உட்கார்ந்து, அரசாங்கத்துக்கு அனுப்பவேண்டிய மனுவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வினாத்தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"சாரே, என் மகன் வீட்டுல கண்ணன், ரெஜிஸ்டர்ல நீலகண்டன். நீலகண்டன்னு கூப்பிட்டா வேற பயலா வருவான்?"

"வரமாட்டான்."

"அப்போ எக்ஸுக்குப் பதிலா டின்னு போட்டா மட்டும் வேற கணக்கா வரும்?"

சமாளிப்பார், மழுப்புவார், ஊர்க் கோபத்தைக் காட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அதற்கெல்லாம் பதில்கூட வைத்திருந்தேன். அவர் வினாத்தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளம் இல்லை. வழி தெரியாத ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கினவர் பார்ப்பது போல இருந்தது. இந்த மனிதருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைகளைக் கரையேற்றியவருக்கு, எக்ஸ் என்பது எதற்காகவோ நிற்கிற ஒரு எழுத்து என்பதே தெரியாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் டப்பியைத் திறந்தார். ஒரு கிராம்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"தொண்ட கட்டியிருக்கு டீச்சரே, உங்களுக்கு" என்றார், மிகவும் அன்பாக.

ரிசல்ட்டில் எழும்பிப்போன எல்லோருக்கும் தோல்வி. என் கணவர் சனிக்கிழமை வந்தார், திங்கள் விடியுமுன் கண்ணனோடு போனார். செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று நான் கெஞ்சினேன். "ஒரு தடவைன்னு சொன்னேன்லா" என்றார். செப்டம்பர் பேப்பரில் தற்செயலாக எல்லாம் எக்ஸாகவே வந்தது. மற்றப் பையன்கள் அத்தனை பேரும் பாட்டாகப் பாடி ஜெயித்தார்கள். "பாத்தியளா, நாம போட்ட சத்தத்துல பயந்து திருப்பித் தந்துட்டானுவ" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊர் நம்பியது. அன்றைக்கு ஜெயித்தவர்கள்தான் இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று பாடினவர்கள். தெரிந்தும் எழும்பினவன் இன்றைக்கும் எஸ்டேட்டில் பால் அளக்கிறான்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கண்ணன் வீட்டிலிருந்த சமயம், அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். மறுபடியும் பேப்பரில் டி வருகிறதாம். அடிக்கடி வருகிறதாம்.

"நீலகண்டா, உனக்கு அன்னைக்கே பிடி கிட்டிச்சுன்னு பயலுவ சொன்னானுவ. எனக்கு ஒருக்க சொல்லித் தா மக்கா."

உள்ளே நின்றிருந்த எனக்கு, இவருக்கு என்ன தைரியம் என்று வந்தது. கண்ணன் ஒன்றும் நினைக்கவில்லை. பாய் விரித்து உட்காரவைத்தான்.

"சார், விடியக்காலம் ரப்பர் மரத்துல வெட்டுவாவ. வெட்டுனதும் பால் வேகமா ஒழுகும். வெயிலு ஏற ஏறப் பையக் குறையும். பொறவு நின்னிரும். பாலு விழுகதுக்கு அடியில தேங்காச் சிரட்டை கெட்டியிருக்கும். ஏழு மணிக்கு என்ன வேகத்துல ஒழுகுது, எட்டு மணிக்கு என்ன வேகத்துல ஒழுகுது, அதைக் கேட்டா ஒரு கணக்கு. நிக்கது வரைக்கும் சிரட்டையில மொத்தம் எவ்வளவு சேந்துதுன்னு கேட்டா அது மத்தக் கணக்கு. அவ்வளவுதான் சார். நேரத்துக்கு டின்னு பேரு வச்சாலும் எக்ஸுன்னு வச்சாலும் பால் அதே பால்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொருக்க சொல்லு" என்றார். சொன்னான். உதடு அசைந்தது. "இன்னும் ஒருக்க." மறுபடியும் சொன்னான். கடைசியில் கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. கண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "கொள்ளாம் மக்கா, ரொம்ப நல்லாருக்கு. இத எனக்கு ஒருத்தனும் சொல்லல்லியே" என்றார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு அந்த டம்ளரைக் கழுவும்போது, மனுஷன் இந்த வயசில் வந்து கேட்டாரே என்று எனக்கும் கொஞ்சம் இளகியது. இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போயிருந்தது.

மீதியைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கலாம்.

பிறகு கண்ணனுக்கு இளையவளான என் மகள் பகவதி கல்லூரியில் சேர்ந்தாள். அவளும் கணக்குதான் எடுத்தாள். முதல் மாதமே அவளுக்கும் சோறு ஆறியது. என் கணவர், "அவருகிட்டயே விடு. பிள்ள ஜெயிக்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இப்ப டியும் நடத்துகாராம்" என்றார். எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருந்தது. தெரிந்துகொண்டவர்தானே, இனி நடத்துவார் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை பகவதியை அழைத்துக்கொண்டு கோட்டாற்றுக்குப் போனேன்.

மிளகாய் நெடி கடையிலிருந்து தெருவரை வந்தது. படியில் காலை வைக்கும்போது மாடியிலிருந்து பாட்டு கேட்டது. அதே ராகம், அதே ஸ்லேட் தாளம். வரிகள் மட்டும் புதிது.

"விடியக் காலம் வெட்டு வெட்டு, சிரட்டையிலே சொட்டு சொட்டு. ஏழு மணிக்கு டிஎஸ் பை டிடி, எட்டு மணிக்கும் டிஎஸ் பை டிடி. நேரத்துக்கு டி, நிக்கும் மட்டும் கூட்டி, சிரட்டைப் பாலு இன்டக்ரல்."

பாட்டு அப்படியே நீண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நடுவில் ஒருவன் தும்மினான். என் மகன் பாயில் உட்கார்ந்து சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதில் இருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

படியில் ஒரு மாணவன் தாமதமாக ஏறிக்கொண்டிருந்தான். குளச்சல் பக்கத்துப் பிள்ளை என்று பிற்பாடு பேச்சில் தெரிந்தது. அவனை நிறுத்தினேன்.

"கால்குலஸுல சிரட்டை எதுக்குடே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கஞ்சி குடிக்கதுக்கா இருக்கும்."

"ரப்பர் மரம் பாத்திருக்கியா?"

"எங்க ஊருல கடலுல்லா டீச்சர்."

"அப்போ சிரட்டை எதுக்குன்னு சார்ட்ட கேக்கப்படாதா?"

"கேட்டேனே" என்று அவன் சட்டைப் பையில் கை விட்டு எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஒரு கிராம்பு இருந்தது.

நான் காலைப் படியிலிருந்து எடுத்தேன்.

"மேல போகலியாம்மா?" என்றாள் பகவதி.

"இல்ல. நட."

பஸ் ஸ்டாண்டுவரை நான் நடந்த வேகத்துக்கு அவள் ஓடித்தான் வந்தாள். கண்ணன் வேலை பார்க்கும் எஸ்டேட்டுப் பக்கம் போகிற அருமனை பஸ் புறப்பட நின்றது. ஏறி உட்கார்ந்தோம். வழியெல்லாம் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. தக்கலை தாண்டிய பிறகுதான் அவள் என் முகத்தைப் பார்த்து, பயந்து பயந்து கேட்டாள்.

"அம்மா, இனி அண்ணன்கிட்டயா படிக்கணும்?"

"ஆமா."

"அண்ணன் பரீட்சையில தோத்தவன்லா. அவனுக்குத் தெரியாததக் கேட்டா என்ன செய்வான்?"

"தெரியாதுன்னு சொல்லுவான்" என்றேன்.